வாசலில் நிற்கும் வரிக்காரர்

கடகடவென்று சத்தம். செங்கோடனுக்கு உள்ளங்கை அரித்தது. பகடை உருளும் சத்தம் அப்படியேதான்.

எட்டிப் பார்த்தார். ஆதிரையம்மாள் காய்ந்த மொச்சையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் அவள்தான் குரு. தலை நரைக்கும்வரை சூதாடிப் பிழைத்தவர், போன மாசம்தான் கையை அடக்க முடியாமல், சூதை விட வழி கேட்டு அவளிடம் வந்து சேர்ந்தார்.

"அம்மா, நாளைக்கு அரண்மனைக்குப் போறேன்."

"என்னத்துக்கு?"

"வரியைப் பத்தி நியாயம் கேட்க. ஜெயிச்சா மூணுல ஒரு பங்கைச் சூதாட்டக் கூடத்து வாசல்லயே பிடிச்சுக்கிறான் அந்த வரிக்காரன். தோத்தா கண்டுக்கறதே இல்லை. எண்ணெய் வியாபாரிக்குக் குடம் உடைஞ்சா வரியில கழிக்கிறாங்க. எனக்கும் இது தொழில்தானே? தோத்ததையெல்லாம் கழிச்சா ராஜா எனக்கு ஒரு யானையே தரணும்."

"நியாயம்தான். தந்தா யானையை எத்தனை நாள் வெச்சிருப்பீங்க?"

"பொழுது சாயற வரைக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அவளும் சிரித்தாள். "இத்தனை வருஷம் ஜெயிச்சதுல இப்ப என்ன மிச்சம்?"

"என்ன இருக்கு? எல்லாம் திரும்ப அந்தக் கூடத்துக்கே போச்சு."

"எல்லாமேவா?"

"வரியாப் பிடிச்சது தவிர."

"அது எங்கே போச்சு?"

"ஊர் வைத்தியசாலைக்கு. சூதாட்ட வரியிலதான் அது நடக்குது, ஊருக்கே தெரியுமே..."

நிறுத்திக்கொண்டார். போன மழைக்காலத்தில் பேத்தி பூவாயியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனது அங்கேதான். திரும்பி வரும்போது அவள் நடந்து வந்தாள். நடந்தா? வழியெல்லாம் ஓட்டம்.

முறம் ஓய்ந்திருந்தது.

"அந்த வரிக்கார மனுஷனை எவ்வளவு திட்டியிருக்கேன், அம்மா. அவர் பேர்கூட எனக்குத் தெரியாது."

"கேட்டுட்டு வாங்களேன்."

"போய்க் கும்பிடணும்னுதான் இருக்கு. ஆனா அந்தக் கூடத்துப் பக்கம் போனா உள்ளே நுழைஞ்சிடுவேனோன்னு பயமா இருக்கு."

"அவர் எங்கே நிக்கிறார்?"

"வாசல்ல."

"அத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுதானே நிக்கிறார்? உள்ளே போகாம எப்படி நிக்கிறதுன்னு, அதையும் அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க."

செங்கோடன் முறத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்து, மொச்சையில் கல் பொறுக்க ஆரம்பித்தார்.