பூரணி உட்கார்ந்த பலகை

"இந்தத் துடுப்பும் சரியில்லம்மா" என்றார் திருமேனி.

வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. தோளில் மூன்று துடுப்புகள்.

கரையம்மா கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் காயல் கரையில் அவள் வந்து குடிசை போட்டதிலிருந்து, மனசு சரியில்லாதவர்கள் அவளிடம்தான் வந்தார்கள். சில நாள் பதில் சொல்வாள். சில நாள் கஞ்சி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

"எது சரியில்ல?"

"மூணுமே. இது என்னோட பழசு. இது புதுசாச் செய்யச் சொன்ன தேக்கு. இது டவுன்ல வாங்கின பைபர். எதைப் போட்டாலும் தோணி வலது பக்கமாத் திரும்பிடுது. சுத்திச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிக்குறேன்."

"எங்க போகணும்?"

திருமேனி கையை நீட்டினார். காயலுக்கு அந்தப் பக்கம், பச்சைக் கோடு போட்டதுபோல ஒரு தீவு.

"வீட்டுக்கு."

அவரும் மனைவி பூரணியும் கட்டிய வீடு. மழைக்காலத்தில் பூரணிக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு பேருமாகத் துடுப்புப் போட்டுத்தான் இந்தக் கரைக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பூரணி திரும்பவில்லை. அன்றிலிருந்து திருமேனி இந்தக் கரையில், தம்பி மகன் வீட்டில் இருக்கிறார். தீவு வீடு பூட்டிக் கிடக்கிறது.

"மோட்டார் படகு போகுதே, ஐயா?"

"அதுலயும் போய்ப் பார்த்தேன். வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தினாங்க. இறங்க முடியல. திரும்பிட்டேன்."

"ஏன்?"



"ரொம்பச் சீக்கிரமாப் போயிடுச்சும்மா."

கரையம்மா எழுந்தாள். ஒவ்வொரு துடுப்பையும் அவர் முன்னால் நிமிர்த்தி நிறுத்தினாள். மூன்றின் பிடியும் அவர் மோவாய்க்குச் சரியாக வந்தது.

"அளவு சரிதான்."

"அப்ப மரத்துல கோளாறா?"

"பூரணியம்மா துடுப்பு எங்க?"

"அவளோடயே அனுப்பிட்டேன்."

அவள் பழைய துடுப்பை அவர் கையில் கொடுத்தாள். தேக்கைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"வாங்க."

திருமேனி தோணியின் முன்பலகையில் உட்கார்ந்தார். கரையம்மா பின்னால் உட்கார்ந்தாள். அவர் எப்போதும்போல இடது பக்கம் துடுப்புப் போட்டார். அவள் வலது பக்கம் போட்டாள்.

தோணி நேராகப் போயிற்று.

பின்னால் துடுப்பு தண்ணீருக்குள் இறங்கும் சத்தம். வெளியே வரும் சத்தம். சொட்டுகள் விழும் சத்தம். நடுவில் ஒரு சின்ன மௌனம். மறுபடியும் இறங்கும் சத்தம்.

திருமேனியின் தோள்கள் தளர்ந்தன. தீவு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓட்டுக் கூரை தெரிந்தது.

"இதுதாம்மா!" என்று கத்தினார். "இதுதான் சரியான துடுப்பு! இதைப் போய்க் குறை சொன்னேனே!"

பின்னாலிருந்து துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு மணல் திட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் நின்றது.

அவர் துடுப்பை நிறுத்தவில்லை. தோணி மெல்ல வலது பக்கம் திரும்பியது. தீவு கண்ணைவிட்டு விலகியது.

"ஏன் நிறுத்திட்ட, பூரணி?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

தண்ணீர் தோணியின் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது. திருமேனி திரும்பவில்லை. அவரால் முடியவில்லை.

"நான் திரும்பிப் பார்த்ததே இல்லம்மா" என்றார். "திரும்பினா தோணி ஆடுதுன்னு திட்டுவா. அவ பின்னால இருக்கான்னு சத்தத்தை வச்சுத்தான் எனக்குத் தெரியும். எந்தத் துடுப்பை வாங்கினாலும் அந்தச் சத்தம் வர மாட்டேங்குது."

கரையம்மா தண்ணீரில் இறங்கினாள். திட்டின் மேல் இடுப்பளவு தண்ணீர்தான். தோணி ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பின்னால வந்து உட்காருங்க."

"அது அவ இடம்."

"தெரியும்."

தூரத்தில் ஒரு நீர்க்காகம் மூழ்கியது. எங்கே எழும் என்று திருமேனி பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்கோ தள்ளி எழுந்து, கழுத்தை உதறிக்கொண்டு, மறுபடி மூழ்கியது.

அப்புறம் அவர் முட்டி போட்டு, தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பின்பலகைக்கு ஊர்ந்தார். உட்கார்ந்தார்.

எதிரே முன்பலகை. நடுவில் தேய்ந்து, லேசாகக் குழிந்து, காலியாக.

வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இத்தனை வருஷமும் அவ என் முதுகையேதான் பார்த்துக்கிட்டு வந்தாளா?"

"முதுகை மட்டும் பார்த்திருந்தா வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருப்பீங்க?"

கரையம்மா தோணியின் மூக்கைத் தீவை நோக்கித் திருப்பினாள். பிடியை விட்டாள். தேக்குத் துடுப்பை ஊன்றிக்கொண்டு, கரைவரை நீண்ட அந்தத் திட்டின் மேலேயே கரையை நோக்கி நடந்தாள்.

திருமேனி நிமிர்ந்தார். காலிப் பலகைக்கு மேலே தீவு முழுசாகத் தெரிந்தது. கூரை, கிணற்றடி, தோணி கட்டும் முளை.

இடது பக்கம் ஒரு துடுப்புப் போட்டார். தோணி வலது பக்கம் திரும்பப் பார்த்தது.

துடுப்பைத் தூக்கினார். மடியின் குறுக்கே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மெதுவாக வலது பக்கம் இறக்கினார்.

அந்தப் பக்கத்துத் தண்ணீரில் அவர் துடுப்பு படுவது அதுதான் முதல் தடவை.