ஏழு பேர் தேடிய பூ

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள், நிலக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே பேக்கரி மாடியில் இருக்கும் அந்தக் கணினி வகுப்புக்கு வந்தால் ஏமாந்துபோவார்கள். அங்கே பர்கத் நிஷா என்ற பெண், வலைத்தளத்துக்கு ஆட்களை வரவழைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்து வந்தார்.

சீடர் பெயர் ராஜாங்கம். மல்லிகை நாற்று வளர்த்து விற்பவர். அந்த வருடம் ஆறாயிரம் நாற்றுகள் விற்காமல் பையிலேயே நின்றன. கார்த்திகைக்குள் போகாவிட்டால் வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கிவிடும். அப்புறம் பிடுங்கிக் கொடுத்தாலும் பிழைக்காது. மகள் ஒரு வலைப்பூவை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள். நாலு மாதமாக அதைத் திறந்து பார்த்தவர்கள் அவளும் அவரும் மட்டும்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் மல்லிகை கொடுத்த அந்த வீட்டில், அவர் மனைவி ஜெயக்கொடி தலையில் பூ வைப்பதில்லை. கேட்டால் தலைவலி என்பார். இருபத்தேழு வருடமாக ஒரே தலைவலி. ராஜாங்கம் அதை நம்பினார். நம்பிக்கொள்வது அவருக்கும் சௌகரியமாக இருந்தது.

முதல் நாள் வகுப்பில் ராஜாங்கம் கேட்டார்.

"டீச்சர், எந்த வார்த்தையைப் போட்டா கூட்டம் வரும்?"

நிஷா கணினியில் ஒரு பட்டியலைத் திறந்தார். இணையத்தில் மக்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள், மாதத்துக்கு எத்தனை தடவை தேடுகிறார்கள் என்று அதில் வரிசையாக இருந்தது. முதல் வரி 'மல்லிகை பூ'. பக்கத்தில் நாற்பதாயிரம் என்று போட்டிருந்தது.

ராஜாங்கத்துக்கு வாயெல்லாம் பல். "இதையே போட்ருவோம்."

"இதைத் தட்டினது யாரு?"

"யாரோ. நாப்பதாயிரம் பேரு."

"அதுல ஒருத்தரைச் சொல்லுங்க அண்ணே."

ராஜாங்கம் யோசித்தார். காலை வணக்கம் போட்டு அனுப்பப் படம் தேடுகிறவராக இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதுகிற பிள்ளையாக இருக்கலாம். ஏதாவது சினிமாப் பாட்டாகக்கூட இருக்கலாம். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நாற்று வாங்குகிற முகம் ஒன்றும் தென்படவில்லை.

நிஷா பட்டியலின் அடிப்பக்கம் போய் ஒரு வரியைக் காட்டினார். 'மல்லிகை மொட்டு கருகி விழுது'. மாதம் நூற்றுப் பத்து.

"இவரு யாரு?"

ராஜாங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவன் புதுசா நட்டவன் டீச்சர். மொட்டுப்புழு விழுந்திருக்கு. கடைக்காரன் கொடுத்த மருந்தையெல்லாம் அடிச்சுப் பார்த்துட்டு, வரப்புல குந்தி இதைத் தட்டுறான். சட்டையில மருந்து வாடைகூட இன்னும் போயிருக்காது."

"அப்ப இவருக்கு எழுதுங்க. தட்டினது யாருன்னு தெரியாம ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. என்கிட்ட இருக்குற பாடம் அது ஒண்ணுதான்."

ராஜாங்கம் அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு எழுதினார். இரண்டு வாரத்தில் நாற்பது பேர் வந்து படித்தார்கள். சாயல்குடியிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டு முந்நூறு நாற்று கேட்டார். அதற்கப்புறம் ராஜாங்கத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் யாராவது போனை நோண்டினால்கூட, இவர் என்ன வார்த்தை போட்டுத் தேடுவார் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை. எந்தெந்த வார்த்தையைத் தேடியவர்கள் ராஜாங்கத்தின் வலைப்பூவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற கணக்கை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதியன் போடுவது, உரம், கவாத்து என்று எல்லாம் அவருக்குத் தெரிந்த முகங்கள். நடுவில் ஒரு வரி மட்டும் ஒட்டாமல் நின்றது.

'குழந்தை இறந்து மல்லிகை பூ எதுக்கு'.

"ஏழு பேரு" என்றார் நிஷா. "ஏழு பேரும் உங்க பக்கத்தைத் திறந்திருக்காங்க. நாலு நொடியில மூடிட்டுப் போயிட்டாங்க. யாரு அண்ணே இவங்க?"

ராஜாங்கம் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். முதல் பிள்ளையைப் பிறந்த அன்றே மண்ணில் வைத்துவிட்டு வந்தவர் அவர். அதைப் பற்றி வெளியிலும் பேசியதில்லை, வீட்டிலும் பேசியதில்லை.

"இதை விட்ருவோம் டீச்சர். மாலைக்குக் கேட்டிருப்பாங்க."

"மாலைக்குன்னா எதுக்குன்னு யாராச்சும் கேப்பாங்களா?"

"வேற எதுக்காம்?"

"எனக்கும் தெரியாது. ஆனா தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. விசாரிச்சுட்டு வாங்களேன்."

"ஏழு பேரு டீச்சர். அதுல ஒருத்தன்கூட நாத்து வாங்க மாட்டான்."

"வாங்க மாட்டாங்க. ஆனா உங்க வாசல் வரைக்கும் வந்துட்டு வெறுங்கையோட போயிருக்காங்க."

ராஜாங்கத்துக்கு அந்த வரியை விட்டுவிடத்தான் ஆசை. அது அவரை விடவில்லை. மறுநாள் பூ மார்க்கெட்டில் கேட்டுப் பார்த்தார். ஒரு கமிஷன் கடைக்காரர், சவப்பெட்டியில் தூவுவார்கள் என்றார். தராசுப் பக்கத்தில் நின்றவர், அது வடக்கே உள்ள வழக்கமாக இருக்கும் என்று அடித்துச் சொன்னார். மூன்றாவது ஆள், காலங்காத்தால என்ன பேச்சு இது என்று எரிந்து விழுந்தார். மூன்று பேரும் பூவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை என்பது ராஜாங்கத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஓரமாக உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஆம்பளைகளாப் பார்த்துக் கேக்குறீங்களே அண்ணாச்சி. வீட்டுல கேளுங்க."

ஜெயக்கொடி தோட்டத்தில் நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். ராஜாங்கம் எதிரே உட்கார்ந்து ஒரு பையை விரித்துப் பிடித்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், போனில் இருந்ததை அப்படியே வாசித்தார்.

"யாரோ இப்படித் தேடுறாங்களாம். எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குத் தெரியுமா?"

ஜெயக்கொடியின் கை மண்ணுக்குள்ளேயே நின்றது.

"பால் வத்துறதுக்கு" என்றார்.

"என்ன?"

"பிள்ளை செத்துப்போச்சுன்னு மாருக்குத் தெரியுமா? மூணாம் நாள் பால் கட்டிக்கும். கல்லு மாதிரி ஆயிரும். தொட முடியாது, காய்ச்சல் அடிக்கும். மல்லியப் பூவைச் சரமாக் கட்டி மார்ல வச்சுத் துணியால சுத்துவாங்க. வாட வாட மாத்தணும். நாலஞ்சு நாள்ல வத்திரும்."

எப்போதோ அந்த வீட்டுக்குள் அடித்த ஒரு வாசனை ராஜாங்கத்துக்கு நினைவு வந்தது.

"உனக்கும் கட்டுனாங்களா?"

"கட்டாம? எங்கம்மா உங்ககிட்ட வந்து ரெண்டு படி பூ கேட்டுச்சு. 'பிள்ளையைப் புதைச்ச மண்ணு காயல, அதுக்குள்ள பூவா கேக்குது'ன்னு வாசல்ல நின்னு கத்துனீங்க. தெருவே வந்து பார்த்துச்சு. நம்ம தோட்டத்துல அன்னைக்கு அம்புட்டுப் பூ. எங்கம்மா மேலத்தெருவுல போயி விலைக்கு வாங்கிட்டு வந்துச்சு."

ஆறாயிரம் நாற்றுக்கு நடுவில் ராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. தான் கத்தியதும், மாமியார் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனதும், உள்ளே படுத்திருந்தவள் ஒரு சத்தமும் போடாததும். சோகத்தில் கத்தினோம் என்று இத்தனை வருடம் தன்னை மன்னித்து வைத்திருந்தார்.

"தலைவலின்னு சொன்னியே."

"அந்த வாசனை கிட்ட வந்தா இன்னமும் நெஞ்சு கட்டுற மாதிரி இருக்கும். அதை என்னன்னு சொல்ல?"

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஜெயா."

"நீங்க கேக்கலையே. கத்துனீங்க. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ராஜாங்கம் அழுதார். வெட்கப்படாமல் அழுதார். ஜெயக்கொடி மறுபடியும் மண்ணை அள்ளினார்.

"பையை ஒழுங்காப் பிடிங்க. மண்ணு சிந்துது."

மாலை வரை இருவரும் மண் நிரப்பினார்கள். பிறகு ராஜாங்கம் ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஜெயக்கொடி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எத்தனை முழம், எப்படிச் சுற்றுவது, எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது, காய்ச்சல் விடாவிட்டால் தாமதிக்காமல் நர்ஸம்மாவிடம் போய்விட வேண்டும் என்பது வரை எல்லாம் எழுதினார். மூன்று பக்கம் வந்தது.

அடுத்த வகுப்பு இருந்த புதன்கிழமை வரை அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே பேக்கரி மாடி ஏறினார். நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லி முடித்ததும் நிஷா நோட்டை வாங்கிப் படித்தார்.

தலைப்பு, 'பால் வற்ற மல்லிகை கட்டும் முறை'. முதல் வரி, 'மல்லிகை நம் மண்ணின் மணம் மிகுந்த மலர்'.

"அக்கா எல்லாத்தையும் தெளிவாச் சொல்லியிருக்காங்க" என்றார் நிஷா. "ஆனா இதைத் தட்டினது யாரு அண்ணே?"

"என்ன டீச்சர், இம்புட்டு நேரம் சொன்னேனே. ஜெயக்கொடி."

"அக்காவுக்கு அன்னைக்குப் பூ எதுக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அவங்க அம்மாவுக்கு?"

"அவங்கதானே கேட்டதே."

"அப்ப 'எதுக்கு'ன்னு தேட வேண்டிய ஆளு யாரு?"

கீழே பேக்கரியில் யாரோ பன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. ராஜாங்கம் கணினித் திரையில் இருந்த அந்த வரியைத் திரும்ப வாசித்தார். இந்தத் தடவை அதில் ஒரு முகம் இருந்தது. இருபத்தாறு வயது, நாலு நாள் தாடி, கசங்கிய சட்டை.

"நான்தான்" என்றார்.

நிஷா தலையசைத்தார்.

ராஜாங்கம் பேனாவை எடுத்தார். மணம் மிகுந்த மலரைக் கோடு போட்டு அடித்தார். தலைப்பையும் அடித்தார்.

"அவனுக்கு முதல் வரியில என்னத்தைச் சொல்ல, டீச்சர்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணே, உங்களுக்குத்தான் தெரியும். மாமியார் பூ வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. பூக்கடை முன்னாடி போனை வச்சுக்கிட்டு நிக்கிறாரு. இன்னும் கத்தல. நாலு நொடிதான் நிப்பாரு, அதுக்குள்ள சொல்லிருங்க."