பெயரில்லாத நீல ட்ரம்

“உள்ளே என்ன இருக்குன்னு நமக்குத் தெரியுமே மேடம். அப்புறம் எதுக்கு ஒவ்வொண்ணுலயும் எழுதிக்கிட்டே இருக்கணும்?”

கேட்டவர் தவமணி. முழங்கால் போன பிறகு, சாயத் தொழிற்சாலையின் பாய்லரிலிருந்து கழிவு ஷெட்டுக்கு மாற்றப்பட்டவர். அவருக்கு வேலை பழக்கிய ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயது.

தவமணி அப்போதுதான் ஒரு நீல ட்ரம்மில் லேபிள் ஒட்டியிருந்தார். ஜெசிந்தா அதைப் பார்த்தார்.

“ஆசிட்னு போட்டிருக்கீங்க. யார்கிட்டயாவது கேட்டீங்களா அண்ணே?”

“நீல ட்ரம் எப்பவும் ஆசிட்தான்.”

ஜெசிந்தா லேபிளை உரித்தார். ட்ரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

லோடு ஏற்றுபவர் வந்தார்.

“கிட்ட வராதீங்க. உள்ள என்னன்னு தெரியல.”

பெருக்கும் பஞ்சவர்ணம், ட்ரம்மின் நிழலில் உட்கார வந்தார்.

“கிட்ட வராதீங்கக்கா. உள்ள என்னன்னு தெரியல.”

வெயில் ஏறியது. ஜெசிந்தாவின் குரல் கம்மியது. ஆட்கள் வருவது நிற்கவில்லை. அவரும் சொல்வதை நிறுத்தவில்லை.

தவமணிக்குப் பார்க்கவே களைப்பாக இருந்தது.

“நீங்க போங்க மேடம். நான் நின்னு சொல்றேன்.”

“சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்களே?”

“நைட் வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போறேன்.”

“லாரியில ஏத்தின பிறகு?”

தவமணி லேபிள் இல்லாத ட்ரம்மைப் பார்த்தார்.

“கழிவைச் சுத்திகரிக்கிற இடத்துல இறக்குறவங்க ஆசிட் ட்ரம்மையெல்லாம் ஒரே தொட்டியில கொட்டுவாங்க” என்றார் ஜெசிந்தா. “அவங்க பக்கத்துல யார் நிப்பா?”

தவமணி காலை இழுத்துக்கொண்டு, ட்ரம்மை அனுப்பிய வெளுப்புப் பிரிவுக்கு நடந்தார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“ஆசிட் இல்ல மேடம். பழைய பிளீச்சிங் தண்ணி. காலி ட்ரம் வேற கிடைக்கலன்னு இதுல ஊத்தியிருக்காங்க. ஆசிட்டோட சேர்ந்தா விஷப்புகையாமே.”

“ஆமா.”

தவமணி தரையில் உட்கார்ந்து, பெரிய பெரிய எழுத்தாகப் புது லேபிள் எழுதினார். ஒட்டினார். நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினார்.

ஜெசிந்தா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சரக் என்று ஒரு சத்தம். கண் திறந்து பார்த்தார். லாரிக்காக வரிசையில் வைத்திருந்த ட்ரம்களில் முதலாவதன் லேபிளைத் தவமணி உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, அதெல்லாம் முடிஞ்சதாச்சே?”

“இதுவும் நான் கேக்காம எழுதினதுதான் மேடம்.”