தூக்கிப் பார்த்த புல்

ஒரு காட்டில், கேளுங்கள் குழந்தைகளே, ஆறு இருந்தது, அருவி இருந்தது, நாவல் மரங்கள் நிறைய இருந்தன. உருப்படியாய் ஒரு விளையாட்டு மைதானம் மட்டும் இல்லை.

இருந்த மைதானம் வெறும் புழுதி. போன வருடம் பக்கத்துக் காட்டு ராஜாவான புலி, ஓட்டப் பந்தயம் பார்க்க வந்திருந்தார். மான்கள் ஒரு சுற்று ஓடி முடிப்பதற்குள் புழுதியெல்லாம் அவர் மூக்கில் ஏறிவிட்டது. பரிசு கொடுக்கும்போது அவர் போட்ட தும்மலில், மரமேறும் போட்டியில் முதல் பரிசு வாங்க வந்த அணில் பறந்து போய் மரக்கிளையில் விழுந்தது.

சிங்கராஜாவுக்கு மானம் போயிற்று.

"அடுத்த போட்டிக்குள் நம் மைதானத்தில் பச்சைப் புல் இருந்தாக வேண்டும்!" என்று கர்ஜித்தார்.

உடனே வேலை தொடங்கியது. அம்பாரி என்ற யானை மண்ணை மிதித்துச் சமன் செய்தது. உட்கார்ந்து பார்க்கச் சுற்றிலும் படிப்படியாகப் பாறை அடுக்கினார்கள். மலை உச்சியிலிருந்து வரையாடுகள் புல்லை வேரோடும் மண்ணோடும் பாய் போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தன.

"தரையைப் பிடிச்சுக்கக் கொஞ்ச நாள் ஆகும்" என்றன வரையாடுகள். சமதரையில் நின்றால் கால் வலிக்கிறதாம், அன்றைக்கே மலையேறிவிட்டன.

இனி புல்லை யார் பார்த்துக்கொள்வது? ராஜா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாருக்கும் பின்னால் ஒளிந்து நின்ற முயல் தும்பையின் காதுகள் மட்டும் மேலே தெரிந்தன.

"புல்லைப் பற்றி முயலுக்குத் தெரியாததா? தும்பை, முன்னால் வா!"

"எனக்குத் தின்னத்தான் தெரியும், ராஜா" என்றாள் தும்பை நடுங்கிக்கொண்டே.

"தின்னத் தெரிந்தவளுக்கு வளர்க்கத் தெரியாதா? நீயே காவல். ஒரு புல் உன் வாயில் பட்டதென்று தெரிந்தால்..." மீதியை ராஜா சொல்லவில்லை. பல்லை மட்டும் காட்டினார்.

தும்பையைப் போலப் பயந்தவள் அந்தக் காட்டிலேயே கிடையாது. இலை விழுந்தால் இடி விழுந்தது என்பாள். வளைக்குள் அவள் குட்டிகள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். நன்றாகத்தான் தூங்குகின்றனவா என்று அவற்றை எழுப்பிக் கேட்பாள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு மைதானத்தையே கொடுத்தால் என்ன ஆகும்?

முதல் நாள் காலையில் புல் பாயின் ஓரத்தை மெல்லத் தூக்கி அடியில் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாய் நூல் போன்ற வேர்கள் தொங்கின. ஒன்றுகூட மண்ணுக்குள் போகவில்லை.

"ஐயோ, பிடிக்கலையே!" என்று பாயை மறுபடி விரித்துத் தட்டிவிட்டாள்.

மத்தியானம் மனசு கேட்கவில்லை. மறுபடி தூக்கினாள். சாயங்காலம் வளைக்குப் போகும் வழியில் இன்னொரு தரம். அடுத்த நாள் இந்த ஓரத்தில் தூக்கியது போதாதென்று நாலு ஓரத்திலும் தூக்கிப் பார்த்தாள்.

குரங்கு மந்திரியும் வந்தார். கண்ணில் பட்டதை நோண்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

"என்னம்மா தும்பை, வேர் விட்டாச்சா?"

"இன்னும் இல்லைங்க, மந்திரி ஐயா."

"நகரு, நான் பார்க்கிறேன். உனக்குப் பார்க்கத் தெரியலை." அவர் பாயின் நடுவிலேயே கையை விட்டுப் பிரித்துப் பார்த்தார். "ஆமா, விடலை" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார்.

புல் பழுக்கத் தொடங்கியது. முதலில் நுனி மஞ்சளானது. அப்புறம் அங்கங்கே சொறி பிடித்த முதுகு மாதிரி திட்டுத் திட்டாய்க் காய்ந்தது.

"அதுக்குத் தாகம்டி பாப்பா" என்றது யானை அம்பாரி. அதற்கு எதையும் கொஞ்சமாகக் கொடுக்கத் தெரியாது. ஆற்றுக்கும் மைதானத்துக்கும் நடந்து நடந்து தும்பிக்கையால் தண்ணீரை அடித்தது.

"போதும் அண்ணே! போதும்!"

"இருக்கட்டும்டி, நம்ம வீட்டுத் தண்ணியா?"

சாயங்காலம் மைதானத்தில் தவளைகள் குடியேறிக் கச்சேரி ஆரம்பித்தன.

கண்ணேறு பட்டிருக்குமோ என்று தும்பைக்குச் சந்தேகம். நாலு மூலையிலும் மிளகாய் கட்டினாள். கிளிகள் வந்து சமர்த்தாய்த் தின்றுவிட்டுப் போயின.

தண்ணீர் வடிந்ததும் ஒத்திகை வைத்தார்கள். ராஜா மேல்படியில் உட்கார்ந்தார். மரங்கொத்தி 'டொக்' என்று அடிக்க, புள்ளிமான் பாய்ந்தது. இரண்டே எட்டுதான் ஓடியது. அதற்கு மேல் ஓடியது மான் இல்லை, பாய். மானைத் தூக்கிக்கொண்டு புல் பாய் வழுக்கி, எல்லைக் கோட்டைத் தாண்டி, ராஜாவின் காலடியில் போய் நின்றது.

"வந்துட்டேன், ராஜா" என்றது மான், என்ன சொல்வதென்று தெரியாமல்.

யாரும் சிரிக்கவில்லை. ராஜாவின் முகம் அப்படி இருந்தது.

"தும்பை!"

"ரா... ராஜா..."

"பௌர்ணமி அன்று புலியின் அதிகாரி காட்டெருமை இந்த மைதானத்தைச் சோதிக்க வருகிறார். அவர் சரியில்லை என்று சொன்னால், போட்டி புலியின் காட்டுக்குப் போய்விடும். போட்டி போனால் நீயும் உன் குட்டிகளும் ஆற்றுக்கு அக்கரை போக வேண்டியதுதான்!"

ஆற்றுக்கு அக்கரையில் ஓநாய்கள் இருந்தன. வேறு யாரும் இல்லை. இருந்தவர்களையெல்லாம் ஓநாய்கள் தின்றுவிட்டன.

வளைக்கு ஓடிவந்த தும்பை, குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, நசுக்காதே" என்றது ஒரு குட்டி.

அதற்குப் பின் அவள் புல்லைத் தூக்கிப் பார்த்ததற்குக் கணக்கே இல்லை. பாயைத் தூக்குவாள், "பிடிச்சுதா?" என்பாள், தட்டிவிடுவாள், பத்தடி போவாள், திரும்பி வந்து மறுபடியும் தூக்குவாள்.

ஒரு நாள் காலையில் மைதானத்தின் கிழக்கு மூலைக்குப் போனாள். அங்கே முள்ளம்பன்றி முள்ளாண்டி கால்மாட்டில் ஒரு காயைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டது. அதைவிடச் சோம்பேறி எந்தக் காட்டிலும் இல்லை. முள்ளுக்குப் பயந்து அதை யாரும் எழுப்புவதும் இல்லை.

"முள்ளாண்டி மாமா! எழுந்திருங்க! ராஜா புல்லு மேல படுத்திருக்கீங்க!"

"ராஜா வேற புல்லு மேல படுத்துக்கட்டும்" என்றது முள்ளாண்டி, கண்ணைத் திறக்காமல்.

"என் குட்டிகளோட உயிர் இந்தப் புல்லுலதான் இருக்கு, மாமா!" தும்பை அழுதேவிட்டாள்.

அழுகைச் சத்தத்தில் தூக்கம் கெட்டது. முள்ளாண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது. தும்பை மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பழக்க தோஷத்தில், அந்த மூலையைப் பிடித்துத் தூக்கினாள்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். காலை ஊன்றி இழுத்தாள். புல் அசையவில்லை, அவள்தான் மல்லாக்க விழுந்தாள்.

"மாமா! இங்கே என்ன பண்ணினீங்க?"

"தூங்கினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பவும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"உரம் போட்டீங்களா? தண்ணி ஊத்தினீங்களா? யாராவது இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"என் பக்கம் யாரு வருவா? வந்தா குத்துமே." முள்ளாண்டி ஒரு கொட்டாவி விட்டது. "முந்தாநாள் ஒரு தடவை புரண்டு படுத்தேன். தப்பா?"

தும்பை எழுந்து உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த அத்தனை பாய்களின் ஓரத்திலும் சின்னச் சின்னக் கால் தடங்கள். முயல் தடங்கள். எல்லாம் அவள் தடங்கள்தான். பாய்க்கு நடுவில் குரங்கின் கைத்தடம். வடக்கு ஓரத்தில் மட்டும் பெரிய தடம் ஒன்று, அகலமாய், நகத்தோடு. அது யாருடையது என்று தெரிந்ததும் அவளுக்கு மீசை நடுங்கியது.

ராஜாவும் விடியற்காலையில் வந்து தூக்கிப் பார்க்கிறார்!

'பிடிக்கப் போன வேரையெல்லாம் நாமே பிடுங்கிட்டோமே' என்று நினைத்தாள். தன் கையைக்கூடக் கட்டிப் போடலாம். ராஜாவிடம் போய், "நீங்க கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று யார் சொல்வது? சொல்ல வாய் இருக்கும். அப்புறம் தலை இருக்குமா?

யோசித்தாள். பயந்து பயந்து யோசித்தாள். பிறகு சபைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ராஜா, வரையாடுகள் போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு. நான்தான் மறந்துட்டேன்."

"என்ன?"

"மலைப் புல்லோட வேருக்குக் கூச்சம் ஜாஸ்தியாம். அதைத் தூக்கிப் பார்க்கிறவங்க உடம்புல இருக்கிற முடியெல்லாம் கொட்டிப் போயிடுமாம்."



"நான் பார்க்கவே இல்லையே!" என்றார் ராஜா.

"உங்களை யாரும் கேட்கலையே, ராஜா" என்று ஆரம்பித்த மந்திரி, ராஜாவின் முறைப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அது கோடைக்காலம். எல்லா மிருகத்துக்கும் முடி உதிரும் காலம். ராஜா கவலையோடு பிடரியைக் கோதினார். நகத்தில் நாலு முடி வந்தது. அவசரமாய்க் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மந்திரி வாலைச் சொறிந்தார்; கொத்தாய் வந்தது. "ஆத்தாடி!" என்று வாலின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கென்ன, எனக்குத்தான் முடியே இல்லையே" என்று சிரித்தது அம்பாரி. "நான் தண்ணி ஊத்தறப்ப எட்டிப் பார்த்துக்கறேன்."

"வால் நுனியில கொஞ்சம் இருக்கே, அண்ணே" என்றாள் தும்பை.

அம்பாரி திரும்பி வாலைப் பார்த்தது. "அது ஒண்ணுதான் அழகே எனக்கு" என்று முணுமுணுத்தது. அன்றிலிருந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று, மழைத் தூறல் போல மெல்லத் தெளித்ததோடு சரி.

எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். ஆனால், குழந்தைகளே, கதை கட்டியவள் யார்? தும்பை. அந்தக் கதையைக் கேட்டு அதிகம் பயந்தது யார்? அதுவும் தும்பைதான்!

வளை வாசலில் தன் வெள்ளை முடி உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தாள். "நான் சும்மாதானே சொன்னேன்? நிஜமாவே இருந்துடுமோ?" என்று உதறல் எடுத்தது. புல்லைப் பார்க்கக் கை அரிக்கும்போதெல்லாம் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாள் அரிப்புத் தாங்காமல் குட்டிகளைக் கூப்பிட்டு, "என் காதைப் பிடிச்சுக்குங்க, விடாதீங்க" என்றாள். குட்டிகளுக்கு அது நல்ல விளையாட்டாகிவிட்டது.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பௌர்ணமி வந்தது. மஞ்சள் மாறி, மைதானம் பச்சையாய்த்தான் இருந்தது. அடியில் எப்படி இருக்கிறது? யாருக்குமே தெரியாது. பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் காட்டெருமை அதிகாரி வந்து சேர்ந்தார். நடந்தாலே தரை அதிர்ந்தது. அவருக்குச் சிரிப்பும் வராது, அவசரமும் வராது.

"மேலே பச்சையாகத்தான் இருக்கிறது" என்றார். "மேலே பச்சையாய் நிறைய பார்த்தாயிற்று."

மைதானத்தின் நடுவே ஓடினார். சட்டென்று நின்றார். பாய் வழுக்கவில்லை. திரும்பி ஓடிக் குளம்பை ஊன்றி வட்டமடித்தார். கிழியவில்லை.  குட்டிகள் தும்பையின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன.

"கடைசிச் சோதனை" என்றார் காட்டெருமை. பாயின் ஓரமாய்ப் போய்த் தலையைத் தாழ்த்தினார். கொம்பை அடியில் கொடுத்தார்.

ராஜா கண்ணை மூடிக்கொண்டார். தும்பை முன்பே மூடியிருந்தாள்.

"ம்ம்ம்..." என்று ஒரு சத்தம். கழுத்து நரம்பு புடைக்க அவர் தூக்கினார். "ம்ம்ம்ம்ம்..." என்று இன்னும் பெரிய சத்தம். பிறகு 'தொம்' என்று ஏதோ விழுந்தது.

புல்தான் பெயர்ந்துவிட்டது என்று நினைத்தாள் தும்பை. ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். அதிகாரி பின்பக்கமாய் விழுந்து உட்கார்ந்திருந்தார். கொம்பு நுனியில் கொஞ்சம் மண். புல் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

காட்டெருமை மெதுவாய் எழுந்து தூசி தட்டிக்கொண்டார்.

"போட்டி இங்கேயே நடக்கலாம்" என்றார்.

காடே ஆரவாரம் செய்தது. அம்பாரி பிளிறியது. ராஜா படியிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

"தும்பை! நீ எங்கேயும் போக வேண்டாம். நீயும் உன் குட்டிகளும் எப்போதும் இந்தக் காட்டில்தான். சொல், எப்படி இதை வேர் பிடிக்க வைத்தாய்? என்ன செய்தாய்?"

"ஒண்ணுமே செய்யலை, ராஜா" என்றாள் தும்பை. அதுவரை அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் ஒரேயடியாய் இறங்க, மயங்கிச் சாய்ந்தாள். புல்தரை மெத்தென்று அவளைத் தாங்கிக்கொண்டது.

நீதி: பிடித்ததா பிடித்ததா என்று தூக்கிக்கொண்டே இருந்தால், எந்த வேரும் பிடிக்காது.