சாவி யாருடைய சொத்து?

முன்னொரு காலத்தில், கோபம் வந்தால் காது கேட்காத ஓர் அரசன் இருந்தான். திடீரென்று ஒருநாள், அந்நியச் சொல் எதுவும் தன் அரண்மனையில் ஒலிக்கக் கூடாது என்று ஆணையிட்டான். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை அவன் காதில் ஓதியவர் ஆஸ்தான வித்துவான் சந்திரசூடர்.

மறுநாளே உக்கிராணக்காரி செங்கமலம் அகப்பட்டாள். அரிசி அறை வாசலில் நின்று, "அந்தச் சாவியை எடுத்தாடி" என்று சொல்லிவிட்டாளாம். 'சாவி' கப்பலில் வந்த அந்நியச் சொல், நாக்கில் சூடு போட வேண்டும் என்றார் வித்துவான். பாவி மனிதர், அவள் அளந்து கொடுத்த அரிசியில் பொங்கிய சோற்றைத்தான் அன்று காலையும் தின்றிருந்தார்! அடுப்பில் கம்பி பழுத்துக்கொண்டிருந்தது.

விகடகவி அம்பலக்கூத்தன் குறுக்கே வந்து நின்றான். "அரசே, அவளை விடுங்கள்."

"அந்தச் சொல்லை அதன் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, விடுகிறேன்" என்றான் அரசன். வித்துவான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கூத்தன் துறைமுகத்துக்கு ஓடினான். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அரசே, போர்ச்சுகீசிய மாலுமி அதைச் 'சாவே' என்றான். இத்தாலியன் 'கியாவே' என்றான், பிரெஞ்சுக்காரன் 'கிளே' என்றான். ஆளாளுக்குத் தன்னுடையது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மூவரும் லத்தீன் என்ற ஒரே தாயின் பிள்ளைகள். அவள் விட்டுப்போனது 'கிளாவிஸ்'. அதற்கும் திறவுகோல் என்றுதான் பொருள். சரி, நம் நாட்டில் வழக்குள்ள சொத்து தீர்ப்பு வரும்வரை யார் வசம்?"

"அரண்மனை வசம்."

"அப்படியானால் சாவி இப்போது தங்கள் சொத்து. இங்கே எந்த வழக்கு முடிந்திருக்கிறது? வழக்கு முடியும்வரை என்று குயவர் நிலத்தைத் தங்கள் பாட்டனார் எடுத்தார். இன்னும் அதில் தங்கள் நெல்தானே விளைகிறது! தங்கள் சொத்தை, தங்கள் சோற்றுக்காக ஒருத்தி நாக்கில் எடுத்தாள். அதற்கா சூடு?"

வித்துவான் தூணோடு ஒட்டிக்கொண்டார். அரசன் விழித்தான், பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனிடம் நீட்டினான்.

"சூடுபட இருந்தவள் அவள். அவளுக்குக் கொடுங்கள்" என்றான் கூத்தன்.

செங்கமலம் மாலையைத் தொடவில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அரசன் காலடியில் எறிந்தாள்.

"இந்தாங்க சாமி, உங்க சொத்து. நாளைக்கு நீங்களே தொறந்து, நீங்களே பொங்கிக்கோங்க."