கக்கூஸ் ஓரத்து இடம்

அந்த நகரத்துச் சிறையின் மூன்றாம் கொட்டடியை வெள்ளைக்காரன் தன் குதிரைகளுக்காகக் கட்டினான். சாணி அள்ள ஆளும் வைத்திருந்தான். பிறகு குதிரைகளை வெளியேற்றிவிட்டு மனிதர்களை அடைத்தான். அள்ளுகிற ஆளை வேலையை விட்டு நிறுத்தினான். அப்புறம் அவனும் போனான், கொடி மாறியது, உள்ளே கிடப்பவர்கள் மூன்று மடங்கானார்கள். கக்கூஸ் மட்டும் அன்றும் ஒன்று, இன்றும் ஒன்று. அதற்குக் கதவும் கிடையாது.

மறியலில் கைதாகி வந்த தவசிக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் எபனேசர். பழைய சங்கத்துக்காரர். கொட்டடியிலேயே மூத்த கைதி. தவசி அவரை ஆசான் என்றுதான் அழைப்பான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருபவன் கக்கூஸ் ஓரம் படுக்க வேண்டும். அடுத்த ஆள் வந்தால் ஓர் இடம் தள்ளிப் படுக்கலாம். அப்படியே நகர்ந்து நகர்ந்து ஒருநாள் ஜன்னலை அடையலாம். ஜன்னலோரம் எபனேசர் படுத்திருந்தார். தவசி பாதிச் சுவர்வரை வந்துவிட்டான். இப்போதுதான் அவனுக்குச் சோறு சோறாக மணக்கத் தொடங்கியிருந்தது.

இன்னொரு கக்கூஸ் கேட்டு உண்ணாவிரதம் என்று தவசி அறிவித்தான். காலைக் கஞ்சி வந்ததும் தட்டைக் கவிழ்த்து வைத்தான். மற்றவர்கள் வரிசையில் போய் நின்றார்கள்.

“பட்டினி கிடக்க உள்ள வரணுமா தோழரே? வெளியிலயே நல்லாக் கிடந்தேனே!” என்றான் ஒருவன், கஞ்சியை உறிஞ்சியபடி. கொட்டடி சிரித்தது.

மாலைவரை ஒருவர்கூடச் சேரவில்லை. தவசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதுங்களுக்காகவா ஆசானே நான் வயித்தைக் காயப் போடறேன்? ஆடு மாடுகூட ஒண்ணாச் சேர்ந்து கத்தும். இவங்களுக்கு எப்பத்தான் ஒற்றுமை வரும்?”

எபனேசர் கதவுப் பக்கம் திரும்பினார்.

அந்த நேரத்தில் கதவு திறந்து, புதுக் கைதி ஒருவர் உள்ளே தள்ளப்பட்டார். பெயர் முனிரத்தினம். தள்ளுவண்டியில் சுண்டல் விற்றவர். வண்டியைப் பறிக்க வந்த போலீஸை எதிர்த்துப் பேசிவிட்டார். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கே படுப்பது என்று தெரியாமல் விழித்தார்.

கக்கூஸ் ஓரத்தில் கிடந்தவன் துள்ளி எழுந்து தன் பாயைச் சுருட்டினான்.

“விரிச்சு வைப்பா,” என்றார் எபனேசர். “அண்ணே, நீங்க இங்க வாங்க. ஜன்னலோரம் படுங்க. மத்தவங்க ஆளுக்கு ஓர் இடம் கக்கூஸ் பக்கம் தள்ளிக்குங்க. நானும்தான்.”

கொட்டடி வெடித்தது.

“என்ன பெருசு, இதென்ன நியாயம்?”

“நாத்தத்துல கிடந்துதானே நாங்க இங்க வந்தோம்!”

“அப்ப நான் குழிக்குள்ளயா இறங்கறது?”

தட்டுகள் கம்பியில் மோதின. எந்தக் கோரிக்கைக்கும் எழாதவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். வார்டர் வந்து லத்தியால் கதவைத் தட்டினான், ஒருவரும் அடங்கவில்லை.

தவசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான்.

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல ஆசானே! இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கிட்டு நகர்ந்து வந்தவன் இளிச்சவாயனா?”

“அதானே!” என்றது கொட்டடி, ஒரே குரலில்.

முனிரத்தினம் பாயோடு அப்படியே நின்றிருந்தார். எபனேசர் தன் பாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஒற்றுமை எப்ப வரும்னு கேட்டியே தவசி, வந்துடுச்சு பாரு. முன்னால நிக்கறதும் நீதான்.”