எட்டு நாள் கெடு

எங்கள் மலைமடத்தில் போன் சிக்னல் கிடையாது. குருபூசைக் கூட்டத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. போன வருஷம் வாசலில் தள்ளுமுள்ளு, ஒரு ஆளுக்குக் கை ஒடிந்தது. அதனால் இந்த வருஷம் சீட்டு. வாசலில் நின்று மடத்து வைஃபையில் போனைச் சேர்த்தால் திரையில் சீட்டு வரும். காட்டினால் உள்ளே விடுவார்கள்.

ஏற்பாடெல்லாம் அம்பலவாணருடையது. முன்னே சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் நெட்வொர்க்கையே கட்டி மேய்த்தவர். அப்போது அவர் பேர் நாகலிங்கம். வீட்டில் என்ன சண்டையோ, ராஜபாளையத்தில் பெண்டாட்டியையும் பெண் பிள்ளையையும் அப்படியே போட்டுவிட்டு மடத்துத் தலைவரான சாமியிடம் வந்து சேர்ந்தார். வயதில் சாமிதான் சின்னவர், ஆனாலும் இவர் சீடர். மடத்துக்கு வந்தவரைப் பழைய பேரில் யாரும் கூப்பிடுவதில்லை. அது இங்கே வழக்கம்.

சர்வரைப் பொருத்தி முடித்த அன்று சாமி வந்து பார்த்தார். இந்தப் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டார். வருகிற ஒவ்வொரு போனுக்கும் இது தன்னிடம் எண்ணி வைத்த முகவரிகளில் ஒன்றைக் கொடுக்கும், முகவரி கிடைக்காத போனுக்கு வைஃபை வேலை செய்யாது, ஒருத்தர் முகவரியை இன்னொருத்தருக்குக் கொடுக்காது என்று அம்பலவாணர் விளக்கினார்.

"கொடுத்ததைத் திருப்பி வாங்குமா?"

"கெடு முடிஞ்சா வாங்கிக்கும் சாமி. எட்டு நாள் கெடு வச்சிருக்கேன்."

"இங்க வர்றவங்க ஒரு வேளை சாப்பிட்டுட்டு இறங்கிப் போறவங்க."

ஆபீஸில் எப்பவும் எட்டு நாள்தான் என்றார் அம்பலவாணர். குரலில் எரிச்சல் இருந்தது. தெரியாத விஷயத்தில் சாமி எதுக்கு மூக்கை நுழைக்கிறார் என்று நினைத்திருப்பார்.

குருபூசை அன்று காலையிலேயே வாசல் நாறிப்போனது. யார் போனிலும் சீட்டு வரவில்லை. வாசல் காவல் பேச்சிமுத்துவின் கழுத்தைப் பிடிக்காத குறைதான். அம்பலவாணர் சர்வர் அறையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார். ஒயரை மாற்றினார், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். வெயில் தாழ்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கொடுக்க முகவரியே மிச்சமில்லை. முந்தின நாட்களில் வந்து, போனைச் சேர்த்து, சாப்பிட்டு, பஸ் ஏறிப் போனவர்களின் பேரில் அத்தனையும் அப்படியே கிடந்தது.

பழையதை அழித்து, கெடுவை அரை மணி நேரமாக்கினார். உடனே சீட்டு வர ஆரம்பித்தது. இவ்வளவுதானா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

விளக்கு வைத்த பிறகு பேச்சிமுத்து அவரைத் தேடி வந்தார். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்க மனசும் கேட்கவில்லை. காலையில் ராஜபாளையத்திலிருந்து ஒரு பொண்ணு வந்து, நாகலிங்கம் இருக்காரா என்று கேட்டதாம். அப்படி ஆளே இல்லை என்றாராம். உள்ளே போய் நானே பார்த்துக்கிறேன் என்று, சீட்டுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் வெயிலில் நின்றதாம். கடைசியில் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டதாம்.

"எதுக்கு வந்தாளாம்?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"அவுகம்மா நேத்து தவறிட்டாகளாம். இன்னைக்குச் சாயங்காலம் எடுக்காகளாம். அப்பா முகத்தை அம்மாவுக்கு ஒரு தடவை காட்டிரணும்னு சொல்லிச்சு."

வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது.

அம்பலவாணர் சாமியிடம் ஓடினார். எப்போதும் போல விழுந்து கும்பிடவில்லை. அத்தனை வருஷத்து மரியாதையும் அன்றைக்குப் போயிற்று.

"கூப்பிடு தூரத்துலதானே இருந்தேன்? பெத்த பொண்ணு வந்து கேட்டா, இல்லைன்னு சொல்ல உங்க மடத்துக்கு எப்படி மனசு வந்தது? அங்க ஒருத்தி பிணமாக் கிடக்கும்போதுமா உங்க வழக்கம்?"

சாமி, பின்னாலேயே ஓடிவந்த பேச்சிமுத்துவைப் பார்த்தார். "அப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"இவுகதான் சாமி. வந்து சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாக. வீட்டுலேருந்து யார் வந்து கேட்டாலும் அப்படி ஆளே இல்லைன்னு சொல்லிருன்னு."

தானே அப்படிச் சொல்லி வைத்திருந்ததே அம்பலவாணருக்கு மறந்து போயிருந்தது.

"ஏதோ ஆத்திரத்துல சொன்னது சாமி," என்றார். "அந்தக் கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு."

"வந்தவன் போனவனுக்கெல்லாம் கெடு வச்சுக் கொடுத்தீர்," என்றார் சாமி. "அந்த வார்த்தைக்கு வைக்கலையே."